பல் வலி ராத்திரியில்தான் வரும்: சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான் தங்கியிருந்த முதல் வருஷம். பக்கத்து அறையில் விருதுநகர்க்காரர் ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கதவைத் திறந்து பார்த்தால், வராந்தாவில் அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறார். கையில் ஐஸ் தண்ணீர் பாட்டில். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு வாய் ஊற்றி, வலது கன்னத்தில் அடக்கி வைத்து, வாஷ்பேசினில் துப்புவார். கொஞ்ச நேரம் முகம் தெளியும். அப்புறம் மறுபடி தாடையைப் பிடித்துக்கொண்டு நடை.

"ஜில்லுனு இருக்கிற வரைக்கும் பரவால்லண்ணே. வாய்க்குள்ளயே தண்ணி சூடாயிருச்சுன்னா உயிரு போகுது" என்றார்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். ஒருவர் கிராம்பு என்றார், ஒருவர் பிராந்தியில் பஞ்சை நனைத்து வை என்றார். கடைசியில் போனில் தேடி, '24 மணி நேரம்' என்று போட்டிருந்த ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் போனோம். ஷட்டர் இறங்கியிருந்தது. போர்டில் இருந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. ஆட்டோக்காரர் திரும்பி வரவும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார். திங்கள்கிழமை காலையில் ஒரு பல் டாக்டரிடம் உட்கார்ந்தபோது, அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே பாட்டிலைப் பார்த்துவிட்டு, "சூடு பட்டா ஏறுதா, ஜில்லுனு வச்சா இறங்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் பாதி முடிவு செய்துவிட்டார். எக்ஸ்ரே மீதியைச் சொன்னது.

அந்த ராத்திரி எங்கள் நான்கு பேருக்கும் தெரியாமல் போன விஷயங்களைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஊரில் என்றால் அப்பாவுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருப்பார். இங்கே அப்படி யாரும் இல்லாதபோது, எந்த நேரத்தில் எந்த அறிகுறிக்கு எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்

வலிக்கிற பல்லைப் பார்க்க அல்ல, முகத்தைப் பார்க்க. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருக்கிறதா? வீக்கம் கண் வரை ஏறியிருக்கிறதா, அல்லது தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கிறதா? வாய் முழுசாகத் திறக்கிறதா? எச்சிலை விழுங்க முடிகிறதா? நாக்குக்கு அடியில் தூக்கினாற்போல் இருக்கிறதா, பேச்சு குழறுகிறதா? காய்ச்சல் உண்டா?

வீக்கம் கழுத்துக்கு இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால், இனி இது பல் டாக்டர் வேலை இல்லை. கீழ்க் கடைவாய்ப்பல்லில் பிடித்த சீழ், தாடைக்கு அடியில் உள்ள இடைவெளிகளில் பரவி மூச்சுக்குழாயை நெருக்கிவிடும். ஒரு பகலில் நிலைமை மாறிவிடும். 108-ஐ அழையுங்கள், அல்லது பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே வேண்டாம். கண்ணை மூடுகிற அளவுக்கு மேல் பக்கம் வீங்கினாலும் இதே கதைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இதைவிடக் குறைந்த வீக்கத்துக்கே ஓட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல்லில் ஒன்றும் இல்லாமல் தாடை மட்டும் வலிக்கிறது, மாடிப்படி ஏறினால் கூடுகிறது, வியர்க்கிறது, நெஞ்சில் அழுத்தம் என்றால் அது பல் வலியே இல்லாமல் இருக்கலாம். மாரடைப்பு தாடையில் காட்டுவது உண்டு. அப்போது தேவை ஈ.சி.ஜி.

இவை எதுவும் இல்லையா? சரி, ராத்திரியைத் தாண்டிவிடலாம்.

அந்த ராத்திரியைத் தாண்டுவது

படுத்தால் வலி கூடுவதற்குக் காரணம் உண்டு. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாய்களும் கெட்டியான ஓட்டுக்குள் அடைபட்டவை. வீங்க இடம் கிடையாது. தலை தாழ்ந்தால் அங்கே ரத்த அழுத்தம் கூடும், வலி 'விண்விண்' என்று தெறிக்கும். அதனால் ரெண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். மேன்ஷன் கட்டிலில் தலையணை ஒன்றுதான் இருக்கும். பெட்டியை முதுகுக்குக் கொடுங்கள்.

மாத்திரை. வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு, சாப்பிட்ட பிறகு ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராம், கூடவே பாராசிட்டமால் 500 அல்லது 650. ரெண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துப் போட்டால் பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். ஐபுபுரோஃபெனை எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, பாராசிட்டமாலை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. இதில் ஒரு பொறி இருக்கிறது: மருந்துக் கடையில் வலிக்கென்று தரும் பல கூட்டு மாத்திரைகளுக்குள் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் ஐபுபுரோஃபெனைக் கேட்காமல் தொடக் கூடாது. மழைக்காலத்துச் சென்னையில் இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும்தான்.

கடைக்காரரிடம் "பல் வலி" என்று சொன்னால், ஒரு சின்னக் காகிதக் கவரில் நாலைந்து நிற மாத்திரைகளைக் கத்தரித்துப் போட்டுத் தருவது எல்லா ஏரியாவிலும் நடக்கிறது. அதில் ஒன்று நிச்சயம் ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது. பல் நரம்பு வீங்கியதால் வரும் வலிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. காய்ச்சலும் வீக்கமும் பரவும்போதுதான் அதற்கு வேலை. அப்போதும் பல்லைத் திறந்து சீழை வெளியே விட்டால்தான் தீரும்.

கிராம்புத் தைலம் பொய் இல்லை. அதிலுள்ள யூஜெனால் நிஜமாகவே மரத்துப்போகச் செய்யும், பல் டாக்டர்களே தற்காலிக அடைப்பில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு பஞ்சு நுனியில் ஒரே ஒரு சொட்டு, குழிக்குள் மட்டும். நான் ஒரு தடவை பாட்டிலைச் சாய்த்து ஈறு மேலேயே ஊற்றிக்கொண்டேன். மறுநாள் பல் வலியோடு வாய்ப் புண்ணும் சேர்ந்தது. ஆஸ்பிரினைப் பொடி பண்ணி ஈறில் வைப்பதும் இப்படித்தான் சுடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். வெளியில் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம், பத்து நிமிஷம் வைத்துப் பத்து நிமிஷம் எடுத்து. வீங்கிய கன்னத்தில் சூடு ஒத்தடம் மட்டும் வேண்டாம். புகையிலையை அடக்குவது, கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் 'புழு'வை எடுப்பது இதெல்லாம் பாட்டி காலத்துச் சமாச்சாரம். பல்லுக்குள் புழு கிடையாது.

இடையில் வலி திடீரென்று நின்றுவிடலாம். விருதுநகர்க்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நின்றது. பிரியாணி சாப்பிட்டார். சாயங்காலம் மேலே ஏறியது. வலி தானாக நிற்பது பெரும்பாலும் நரம்பு செத்துப்போவதால்தான். அடுத்தது வேர் நுனியில் சீழ். நின்றாலும் டாக்டரைப் பார்ப்பது நிற்கக் கூடாது.

எங்கே போவது

வார நாள், காலை நேரம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, முத்துசாமி சாலையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1953-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. தாம்பரம், கிண்டி, மாம்பலம் பக்கம் இருப்பவர்கள் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறி, பார்க் நிலையத்துக்கு அடுத்த கோட்டை நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவே வேண்டாம். சென்ட்ரலில் இறங்குபவர்களுக்கும் பக்கம்தான். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் வரிசை நீளும், மத்தியானம் புதுச் சீட்டு கிடைக்குமா என்று நம்பிப் போகக் கூடாது. வைத்தியம் இலவசம், சிலவற்றுக்குச் சொற்பக் கட்டணம்.

உள்ளே போனதும் நேராகப் பல்லைப் பிடுங்க மாட்டார்கள். முதலில் ஓரல் மெடிசின் பிரிவில் பார்த்து எக்ஸ்ரேக்கு எழுதுவார்கள். அங்கிருந்து, பிடுங்குவது என்றால் ஓரல் சர்ஜரி, ரூட் கேனல் (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து அடைப்பது) என்றால் கன்சர்வேட்டிவ், ஈறு என்றால் பெரியோ, குழந்தை என்றால் பீடோ என்று அனுப்புவார்கள். இந்த நாலு பெயரும் தெரிந்திருந்தால் வராந்தாவில் திணற வேண்டியதில்லை. தனியார் பல் கல்லூரிகளிலும் இதே ஏற்பாடுதான்.

தனியார் பல் கல்லூரிகளைப் புதிதாக வருபவர்கள் பலர் யோசிப்பதே இல்லை. போரூர் பக்கம் ராமச்சந்திரா, வேலப்பன்சாவடியில் சவீதா, மதுரவாயலில் மீனாட்சி அம்மாள், ராமாபுரத்தில் எஸ்.ஆர்.எம்., பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, ஈ.சி.ஆர். உத்தண்டியில் ராகாஸ் என்று ஊரைச் சுற்றி இருக்கின்றன. ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குப் பள்ளிக்கரணையும் உத்தண்டியும் கோட்டையைவிடப் பக்கம். கிளினிக்கைவிடச் செலவு குறையும். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் வந்து பார்ப்பார், அதனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். ஞாயிறு, பண்டிகை நாட்களில் ஓ.பி. இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் என்றால் ஏரியா கிளினிக்குகள். பெரும்பாலும் காலை பத்திலிருந்து ஒன்று, மாலை ஐந்திலிருந்து ஒன்பது. போர்டில் பெயருக்குப் பின்னால் பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். என்று இருக்க வேண்டும், தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். ரெண்டும் கண்ணில் படாவிட்டால் கேளுங்கள், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டுக்காரம்மாவையும், கீழ்வீட்டுக்காரரையும், ஆபீஸில் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் கேட்பது போனில் நட்சத்திரம் எண்ணுவதைவிட எனக்கு நம்பிக்கை. புறப்படும் முன் போன் செய்து மூன்று கேள்வி: டாக்டர் இப்போது இருக்கிறாரா, அங்கேயே எக்ஸ்ரே எடுக்க முடியுமா, இன்றைக்கே பல்லைத் திறந்து வலியைக் குறைப்பீர்களா அல்லது பார்த்துவிட்டு வேறு நாள் வரச் சொல்வீர்களா. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்துப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

நடு ராத்திரிதான் கஷ்டம். போர்டிலோ போனிலோ '24 மணி நேரம்' என்று பார்த்தவுடனே ஆட்டோ ஏறாதீர்கள். பல இடங்களில் டாக்டர் வீட்டில் இருப்பார், கூப்பிட்டால் வருவார். சில இடங்களில் அதுவும் இல்லை. மனிதக் குரல் ஒன்று "வாங்க" என்று சொன்ன பிறகே கிளம்புங்கள். யாரும் எடுக்கவில்லை, வீக்கம் இல்லை, மாத்திரைக்கு வலி கேட்கிறது என்றால் விடியும் வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம். பெரிய ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் ராத்திரி பெரும்பாலும் பல் டாக்டர் இருக்க மாட்டார். அவர்களால் வலிக்கு ஊசி போட முடியும், ரத்தத்தை நிறுத்த முடியும், சீழ் பரவினால் அட்மிட் செய்ய முடியும், ரூட் கேனல் செய்ய முடியாது. தாடை எலும்பு சமாச்சாரம் என்றால் மாக்ஸிலோஃபேஷியல் சர்ஜனைக் கூப்பிடுவார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு பக்கத்தில் ராத்திரி பகல் பாராமல் திறந்திருப்பவை: சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை (யாரைக் கேட்டாலும் 'ஜி.ஹெச்.' என்றால் காட்டுவார்கள்), வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் கே.எம்.சி., ராயப்பேட்டை ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்கு எழும்பூர். எங்கே போவது என்றே புரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம், தமிழில்.

அடிபட்டுப் பல் விழுந்துவிட்டால்

இதற்கு மட்டும் மேலே சொன்ன 'காத்திருக்கலாம்' பொருந்தாது. மணிக் கணக்கு இல்லை, நிமிஷக் கணக்கு.

என் சித்தி பையன், பதினான்கு வயசு, தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் விக்கெட் கீப்பராக நின்றான். கார்க் பால் எகிறி மேல் முன்பல்லில் பட்டது. பல் வேரோடு மண்ணில் கிடந்தது. கூட இருந்த பையன் ஒருவன் அதைத் தன் சட்டையில் தேய்த்துத் துடைக்கப் போனான். அதைத் தடுத்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம். வேரைச் சுற்றி உயிருள்ள மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். பல் மறுபடி எலும்போடு பிடிப்பது அதை நம்பித்தான். தேய்த்தால் போய்விடும், காய்ந்தால் செத்துவிடும்.

செய்ய வேண்டியது இது. பல்லை வெள்ளையாகத் தெரியும் தலைப் பக்கத்தில் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ அலசுங்கள், கிடைக்காவிட்டால் குழாய்த் தண்ணீரில் சில விநாடி மட்டும். சோப்பு கூடாது, பிரஷ் கூடாது. ஆள் தெளிவாக இருந்தால், அது நிரந்தரப் பல்லாக இருந்தால், பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பின் சரிசெய்து அதே குழியில் மெல்ல அழுத்தி வைத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. வைத்ததும் சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். முதல் ஐந்து நிமிஷத்துக்குள் வைத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

எங்களுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அப்போது அடுத்த வழி, பால். மைதானத்துக்கு வெளியே டீக்கடைக்கு ஓடினேன். "பால் வேணும், காய்ச்சாத பால்" என்றதும் மாஸ்டர் என்னை விநோதமாகப் பார்த்தார். டீ போடும் பால் கொதித்துக்கொண்டிருந்தது, அது ஆகாது. ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு ஆவின் நீல பாக்கெட்டை எடுத்தார். மூலையைப் பல்லால் கடித்துக் கிழிக்கப் போனவர், விஷயம் தெரிந்ததும் கத்தரியைத் தேடினார். ஒரு கண்ணாடி டம்ளரில் பாலை ஊற்றிப் பல்லைப் போட்டு, மேலே பாலிதீன் பையைக் கட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். மாஸ்டர் காசு வாங்கவில்லை, டம்ளரை மட்டும் திரும்பக் கேட்டார்.

பால் கிடைக்காவிட்டால், ஒரு கப்பில் அடிபட்டவரின் எச்சிலைத் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடலாம். தெளிவாக இருக்கும் பெரியவர் என்றால் கன்னத்துக்குள்ளேயே அடக்கிக்கொள்ளலாம். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, சவ்வில் உள்ள செல்கள் தண்ணீரை உறிஞ்சி உடைந்துவிடும். காகிதத்தில் மடிப்பதும் டிஷ்யூவில் சுற்றுவதும் அதைவிட மோசம். வெளியில் காய்ந்தபடி ஒரு மணி நேரம் தாண்டினால் அந்தச் சவ்வு பிழைக்காது. அப்போதும் பல்லைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரே முடிவு செய்யட்டும்.

பையனுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் பல்லை உட்கார வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி ஒட்டினார்கள், ரெண்டு வாரத்துக்கு. மண்ணில் விழுந்ததால் டெட்டனஸ் ஊசி. கம்பி எடுப்பதற்கு முன்பே ரூட் கேனல் தொடங்கினார்கள். பல் இன்றைக்கும் நிற்கிறது. நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

குழந்தையின் பால் பல் விழுந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்குக் கேடு வரும். ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பல் உடைந்திருந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள், பல நேரம் அதையே ஒட்டிவிடுவார்கள். துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்திருக்கிறது என்றால் அந்தத் துண்டு உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

பைக்கில் விழுந்து அடிபட்டால் பல்லை முதலில் பார்க்காதீர்கள். மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு, காதிலோ மூக்கிலோ ரத்தம் என்றால் தலைக் காயம், 108. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்போல் சேரவில்லை என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைத் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் ஏற்கிறது. 2021 டிசம்பரில் வந்தது, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு, வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் பதியும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல் செலவை இன்சூரன்ஸ் பொதுவாகத் தராது. விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனால்தான் கேட்க வழி இருக்கும், அதற்கு இந்தக் காகிதம் வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய் ஊசியைப் பார்த்து மயங்குபவர்கள் உண்டு. மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துப் போங்கள். இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். கர்ப்பம், சர்க்கரை, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமை, எல்லாம் முதலிலேயே.

"பல் வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை நாளாக, சூட்டுக்கா ஜில்லுக்கா, பட்டதும் உடனே போகிறதா நிமிஷக் கணக்கில் நிற்கிறதா, கடித்தால் வலிக்கிறதா, ராத்திரி எழுப்புகிறதா என்று சொல்லுங்கள். ஜில் பட்டுக் கூசி, சில விநாடியில் போய்விட்டால் ஒரு ஃபில்லிங்கோடு முடியலாம். நின்று வலித்தால், தானாக வலித்தால், ராத்திரி எழுப்பினால் நரம்பு மீளாது. அப்புறம் ரெண்டே வழி: ரூட் கேனல் அல்லது பிடுங்குவது.

வலியில் எல்லோரும் "பிடுங்கிருங்க" என்றுதான் சொல்வார்கள். காப்பாற்றக்கூடிய கடைவாய்ப்பல்லை ஒரு ராத்திரிக் கோபத்தில் இழக்காதீர்கள் என்பது என் கட்சி. அன்றைக்குத் தேவை பல்லில் ஒரு வாசல் திறந்து, உள்ளே உள்ள அழுத்தத்தை இறக்குவது மட்டும்தான். அதற்கு அரை மணி, முக்கால் மணி போதும். மீதியை அடுத்த வாரம் செய்யலாம். மொத்தச் செலவை, பல்லுக்கு மேல் போடும் உறையான கேப்போடு சேர்த்து, அன்றைக்கே எழுதிக் கேளுங்கள். ரூட் கேனலுக்கு ஒரு தொகை சொல்லி, கேப்புக்குத் தனியாக ஒரு தொகை பின்னால் வருவது வழக்கம். பணம் புரளாது, வாரா வாரம் வர முடியாது என்றால் பிடுங்குவதும் நியாயமான முடிவுதான். அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அல்லது கோட்டை அரசு பல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். கடுமையாக வீங்கிய பல் முதல் ஊசிக்குச் சரியாக மரத்துப்போகாது. சீழும் வீக்கமும் உள்ள இடத்தில் மருந்து பாதிதான் வேலை செய்யும். கையைத் தூக்கினால் நிறுத்துவார், இன்னொரு ஊசி போடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். அந்த நேரத்தில் அது முடியவும் முடியாது.

பிடுங்கினால் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். அன்றைக்கு முழுவதும் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து ஜூஸ் உறிஞ்சாதீர்கள், சிகரெட் வேண்டவே வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம்தான் அங்கே கட்டு. எச்சிலில் கொஞ்சம் சிவப்பு தெரிவது சகஜம். பஞ்சு எடுத்ததும் ரத்தம் வாய் நிறைய ஊறினால் புதுப் பஞ்சை வைத்து மறுபடி அரை மணி நேரம் கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டாக்டருக்குப் போன், ராத்திரியானால் ஜி.ஹெச். மூன்றாம் நாள் வலி குறையாமல் காது வரை இழுத்தால் குழி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் திரும்பப் போனால் மருந்து வைத்து அடைப்பார்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. கேப் கழன்றால் எடுத்து டப்பியில் வையுங்கள், ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். ஞானப்பல் முளைக்கும் இடத்தில் ஈறு வீங்கி வலித்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், ரெண்டு நாளில் டாக்டர். கிளிப்புக் கம்பி கன்னத்தில் குத்தினால் அதற்கென்றே இருக்கும் மெழுகை வைத்து மூடிவிட்டு மறுநாள் போகலாம்.

வலி போன மறுநாள்தான் எல்லோரும் தப்பு செய்வது. நானும் செய்தேன். தற்காலிக அடைப்போடு ஐந்து மாதம் ஓட்டினேன், ஒரு நாள் முறுக்கு கடித்தபோது பல் ரெண்டாகப் பிளந்தது. கேப் போடாத ரூட் கேனல் பல் காய்ந்த மரம் மாதிரி. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குக் கிளம்புவதாக இருந்தால் அதற்கு முந்தைய வாரமே போய் அடைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள், எந்தப் பல், எதுவரை முடிந்தது என்று டாக்டர் கையால் ஒரு சீட்டும். ஊரில் அடைப்பு விழுந்தால் அப்பாவுக்குத் தெரிந்த அந்த டாக்டரிடம் அதைக் காட்டினால் போதும், அவர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.